ஆப்கானிஸ்தானை விட்டு அமெரிக்கா வெளியேறியது சரியா?

கீழவாசல் குமரன்:
2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தலிபான் கைக்குப் போனதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பைடன் சொதப்பிவிட்டார்" என்று முடித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. வெளியேறியது சரி, இன்னும் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். போனது அல்-கொய்தாவைப் பிடிக்க. பின்லேடன் 2011-ல் பாகிஸ்தானில், அபோட்டாபாத்தில் கொல்லப்பட்டார். அப்புறமும் அங்கே என்ன வேலை? ஒரு லட்சம் அமெரிக்க வீரர்கள் இருந்தபோதே தலிபானை ஒழிக்க முடியவில்லை. பைடன் பதவிக்கு வந்தபோது மிச்சம் இருந்தது 2,500 பேர். மூன்று லட்சம் பேர் கொண்ட ஆப்கன் படை சண்டையே போடாமல் கலைந்தால், அதற்கு வெளிநாட்டுக்காரன் ஏன் சாக வேண்டும்?

தமிழ்ச்செல்வி:
குமரன் சார், "சண்டையே போடாமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இருபது வருடத்தில் அமெரிக்க வீரர்கள் சுமார் 2,400 பேர் இறந்தார்கள். ஆப்கன் ராணுவத்திலும் போலீசிலும் இறந்தவர்கள் 60,000-க்கு மேல். மூன்று லட்சம் என்பதும் காகிதக் கணக்கு. ஆளே இல்லாத பெயர்களுக்குச் சம்பளம் போவதை அமெரிக்காவின் தணிக்கை அமைப்பான சிகார் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தது.

அந்தப் படையைக் கட்டிய விதத்தைப் பாருங்கள். மலைக்கு நடுவே சின்னச் சின்னக் காவல் முகாம்கள். சாப்பாடு, தோட்டா, அடிபட்டவனைத் தூக்கிப்போவது எல்லாமே ஹெலிகாப்டரில். ஆப்கன் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை ஓரங்கட்டி அமெரிக்க பிளாக் ஹாக் கொடுத்தார்கள். அதைப் பழுதுபார்க்க அமெரிக்க ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள்தான் வேண்டும். 2020-ல் தலிபானோடு அமெரிக்கா போட்ட தோஹா ஒப்பந்தத்தில் ராணுவத்தோடு அந்த ஆட்களும் கிளம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஹெலிகாப்டர் பறக்கவில்லை என்றால் முகாமில் இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்?

பழைய ரேடியோ:
இதற்கு 1989-ஐப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 15 அன்று ஜெனரல் க்ரோமோவ் எல்லையில் இருந்த அமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்ததோடு சோவியத் படை வெளியேறியது. அவர்கள் ஆதரவில் காபூலை ஆண்ட நஜிபுல்லா சில மாதங்களில் விழுந்துவிடுவார் என்றுதான் வெளியுலகம் நினைத்தது. அடுத்த மாதமே அவரை எதிர்த்த முஜாஹிதீன் போராளிகள் ஜலாலாபாத்தைத் தாக்கினார்கள், பிடிக்க முடியவில்லை. ரஷ்யர்கள் ஆட்களை எடுத்தார்களே தவிர எரிபொருளையும் ஆயுதத்தையும் நிறுத்தவில்லை. அது 1992 தொடக்கத்தில் நின்றது, ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது.

கீழவாசல் குமரன்:
அண்ணே, நீங்கள் எனக்காகத்தான் வாதாடுகிறீர்கள். வெளிநாட்டுப் பணம் நின்ற நாலு மாதத்தில் விழும் அரசு, யார் எப்போது கிளம்பினாலும் விழும். 2021-ல் பணமும் நிற்கவில்லை. அடுத்த வருடத்துக்கு ஆப்கன் படைகளுக்காக 3.3 பில்லியன் டாலர் ஒதுக்கப் போவதாக அமெரிக்கா சொல்லியிருந்தது. அப்படியும் ஆப்கன் அதிபர் அஷ்ரப் கனி ஹெலிகாப்டர் ஏறிவிட்டார்.

தமிழ்ச்செல்வி:
பணம் இருந்தது, மானம் போயிருந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் கையெழுத்துப் போட்டவர்கள் அமெரிக்கத் தரப்பில் கலில்சாத், தலிபான் தரப்பில் முல்லா பராதர். காபூல் அரசுக்கு அங்கே நாற்காலியே இல்லை. ஆனால் 5,000 தலிபான் கைதிகளை விடுவிக்கும் வேலை மட்டும் அவர்கள் தலையில். இதைப் பார்த்த சிப்பாய் என்ன நினைப்பான்? ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் தலிபான் தூது அனுப்பியது: துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, உயிர் மிஞ்சும். பல இடங்களில் போனார்கள். அமெரிக்காவின் பெரிய ராணுவத் தளமான பக்ராமையே 2021 ஜூலையில் ராத்திரியோடு ராத்திரியாக, புதிய ஆப்கன் தளபதியிடம்கூடச் சொல்லாமல் காலி செய்தார்களே!

நிலாமதி:
எல்லோரும் ராணுவக் கணக்கே பேசுகிறீர்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியாயிற்று. "வெளியேறியது சரி" என்று அவ்வளவு லேசாக எப்படிச் சொல்கிறீர்கள்?

கீழவாசல் குமரன்:
லேசாகச் சொல்லவில்லை. ஆனால் காபூல் மட்டும் ஆப்கானிஸ்தான் இல்லை. ஹெல்மண்ட் கிராமங்களில் ராத்திரிச் சோதனையும் வான் தாக்குதலும்தான் இருபது வருட வாழ்க்கை. அங்கே இருந்த பெண்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள்கூட, ஆகஸ்ட் 29 அன்று, காபூலில் ட்ரோன் அடித்துப் பத்துப் பொதுமக்கள் செத்தார்கள், ஏழு பேர் குழந்தைகள்.

வடலி:
ஈழத்தில் இருந்து ஒரு வார்த்தை. இந்திய அமைதிப்படை 1987 ஜூலையில் வந்து 1990 மார்ச்சில் போனது. போகும் முன் இளம் பொடியன்களைப் பலவந்தமாகப் பிடித்து அவசரமாக ஒரு தமிழ்த் தேசிய ராணுவம் அமைத்தார்கள். புலிகள் வந்தபோது அது சிதறிப்போனது. படை போக வேண்டும் என்று கேட்டதும் நாங்கள்தான், அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்ததும் நாங்கள்தான். காபூல் விமான நிலையப் படங்களைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பொடியன்களின் நினைவுதான் வந்தது.

பழைய ரேடியோ:
வடலி, இதைத் தனித் திரியாகவே எழுதலாம். இங்கே எனக்கு ஒரு கேள்விதான். க்ரோமோவ் போனது பனிக்காலத்தில். ஆப்கானிஸ்தானில் சண்டை சூடுபிடிப்பது கோடையில். பைடன் ஏன் கோடையில் காலி செய்தார்? செப்டம்பர் 11-ஐ ஒரு கெடுவாக அறிவித்தது யாருக்காக?

கீழவாசல் குமரன்:
செப்டம்பர் 11 அசட்டுத்தனம், அதில் உங்களோடு சண்டை இல்லை, அதையும் பிறகு ஆகஸ்ட் 31 ஆக்கிவிட்டார்கள். ஆனால் தோஹா கெடு 2021 மே 1. பனிக்காலம் வரை இழுத்திருந்தால் தலிபான் அமெரிக்கர்களை மறுபடி சுட ஆரம்பித்திருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து ஆகஸ்ட் 26 விமான நிலையக் குண்டுவெடிப்பு வரை ஒரு அமெரிக்க வீரர்கூடச் சண்டையில் சாகவில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள எந்த அதிபர் முன்வருவார்?

தமிழ்ச்செல்வி:
அந்த மாதங்களில் தலிபான் துப்பாக்கி யார் பக்கம் திரும்பியிருந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள் சார். உங்கள் முதல் பதிவில் சண்டையே போடவில்லை என்றீர்களே, அவர்கள் பக்கம்தான்.