கிளட்ச் மோட்டாரிலிருந்து சர்வோவுக்கு மாறியவர்களின் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் 24 இயந்திரங்களுடன் சிறிய பின்னலாடைத் தையல் யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். எல்லாவற்றிலும் அரை எச்.பி. கிளட்ச் மோட்டார்களே உள்ளன. காலையில் சுவிட்சைப் போட்டது முதல், டெய்லர் பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், இவை நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பண்டலைப் பிரிக்கும்போதும், நூல் கோக்கும்போதும், ஏன், அரட்டையின்போதும்கூட மின்சாரம் செலவாகிறது. சுமையின்றி ஓடுவதால் பவர் ஃபேக்டரும் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைகிறது.

பெடலை மிதிக்கும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டார், அடிக்கடி நிறுத்தித் தைக்கும் சிங்கிள் நீடில் இயந்திரங்களுக்குப் பயன் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீளமான தையலே அதிகம் போடும் ஓவர்லாக்கில் (துணியின் ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் இயந்திரம்), போட்ட முதலைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு மிச்சமாகுமா? மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் சர்வோவை இயக்கும் கன்ட்ரோல் பாக்ஸின் மின்னணு போர்டு எத்தனை ஆண்டுகள் தாங்குகிறது, பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒரே வேலைக்கு இரு மோட்டார்களையும் தனி மீட்டர் வைத்து அளந்தவர்கள் யாரேனும் இருந்தால், மின்சார யூனிட் கணக்கை இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.