எல்லா பால்வினை நோய்க்கும் ஒரே ரேபிட் கிட்: நெகட்டிவ் வந்தால் நம்பலாமா?

மழைக்காலன்:
புதிதாகப் பழகிய ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உறவு, மூன்று வாரம் ஆகிறது. எரிச்சல், புண், சீழ் எதுவும் இல்லை. எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி நான்கையும் ஒன்றாகப் பார்க்கும் ரேபிட் கிட்டில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டேன், இருபது நிமிடத்தில் நான்குமே நெகட்டிவ். சீக்கிரம் திருமணம் நடக்க இருக்கிறது, வரப்போகிறவருக்கு என்னால் எதுவும் வந்துவிடக் கூடாது. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

குடுவை:
நிறுத்தாதீர்கள். நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. அந்தக் கிட் பெரும்பாலும் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. ஹெபடைடிஸ் பி மட்டும் விதிவிலக்கு, அதில் வைரஸின் மேற்புறப் புரதத்தையே பார்க்கிறார்கள். எதிர்ப்பொருள் உருவாக நாள் பிடிக்கும் என்பதால் மூன்று வாரத்தில் வரும் நெகட்டிவுக்கு அதிக அர்த்தம் இல்லை. விரல் ரத்தத்தில் செய்யும் எச்ஐவி ரேபிட் டெஸ்டை 90 நாள் கழிந்த பிறகுதான் முடிவானதாக எடுத்துக்கொள்ள முடியும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் (எதிர்ப்பொருளோடு வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடுவது) என்றால் 45 நாள். சிபிலிஸுக்கும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்ப்பதுதான் பத்திரம். ஹெபடைடிஸ் சி அதைவிடவும் தாமதமாகலாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை, உங்கள் கிட்டில் கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பாக்டீரியா பால்வினை நோய்களும் இல்லவே இல்லை. ரத்தத்தில் பார்க்கிற விஷயமும் இல்லை அது. ஆண்களுக்குச் சிறுநீரில் பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுவையே தேடும் டெஸ்ட், செய்ய வேண்டும், இந்த இரண்டுக்கும் மூன்று வாரம் தாராளமாகப் போதும், நாளைக்கே கொடுக்கலாம். கிளமிடியா வந்த ஆண்களில் பாதிப் பேருக்காவது எந்த அறிகுறியும் இருக்காது, ஆகவே எரிச்சல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மனைவிக்குப் போய், கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரைக்கும் பாதிக்கும்.

சிறுநீர் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முன்கூட்டித் துடைக்காமல், முதலில் வரும் 20 முதல் 30 மில்லியைப் பிடியுங்கள். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைக்கு நடுவில் வருவதைத்தானே கேட்பார்கள், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கிருமி இருப்பது சிறுநீர்க்குழாயின் சுவரில், அதை அடித்துக்கொண்டு வருவது முதல் பாய்ச்சல்தான். இந்த பிசிஆரையே ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் சிறு இயந்திரங்களும் உண்டு, இல்லாத இடத்தில் சில நாள் காத்திருக்க வேண்டியதுதான். கர்ப்ப டெஸ்ட் போலக் கோடு காட்டும் கிளமிடியா ஸ்ட்ரிப்புகளில் பல, இருக்கும் தொற்றையே கோட்டைவிடுபவை. வாங்காதீர்கள்.

தெற்குக்காற்று:
குடுவை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உறவு இருந்திருந்தால், அங்கே உள்ள தொற்று சிறுநீரில் தெரியாது. தொண்டையிலும் ஆசனவாயிலும் தனியாகப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். நாமே எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொன்னால்தான் அவர் எழுதுவார்.

பழைய நோயாளி:
சிபிலிஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்குப் பல வருடம் முன்பு வந்து பென்சிலின் ஊசியில் குணமாகிவிட்டது, ஆனாலும் இந்த ரேபிட் டெஸ்டில் இன்றும் பாசிட்டிவ் கோடு வரும், பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் அப்படித்தான். அதனால் முன்பு வந்து போனவர்கள் கோட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆர்பிஆர் அல்லது விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனை (தொற்று இப்போது எவ்வளவு தீவிரம் என்பதை அளவாகக் காட்டுவது) செய்து அந்த அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல்முறை பாசிட்டிவ் வருகிறவர்களுக்கும் அடுத்த படி அதேதான்.

மழைக்காலன்:
எல்லாருக்கும் நன்றி. நாளை காலை சிறுநீர் கொடுக்கிறேன். நண்பன் ஒருவன், எதற்கு இத்தனை அலைச்சல், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டுவிடு போதும் என்கிறான். போடலாமா?

குடுவை:
வேண்டவே வேண்டாம். கொனோரியா ஒவ்வொரு மருந்தாக எதிர்த்துப் பழகி, இப்போது முக்கியமாகச் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியைத்தான் நம்பியிருக்கிறோம். கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 7 நாள். கையில் கிடைத்த மாத்திரையை அரைகுறையாகப் போட்டால் தொற்று மறைந்த மாதிரி இருக்கும், டெஸ்டும் குழப்பும். பாசிட்டிவ் வந்து சிகிச்சை எடுத்தால், முடிந்த மறுநாளே திரும்ப பிசிஆர் செய்யாதீர்கள், செத்த கிருமியின் மிச்சத்தையும் அது சில வாரம் காட்டும். மூன்று மாதத்தில் ஒருமுறை திரும்பப் பாருங்கள். உறவு வைத்துக்கொண்ட அந்த நபருக்கும் சொல்லிவிடுங்கள், அவருக்கும் மருந்து வேண்டும்.

எச்ஐவி முடிவு உறுதியாகும் வரை ஆணுறை இல்லாமல் வேண்டாம். திருமணம் அதற்கு முன்பே வருகிறது என்றால் 45 நாள் கணக்கைப் பார்த்து ஆய்வக டெஸ்டுக்கு இப்போதே தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் அதையும் இந்தச் சாக்கில் தொடங்கிவிடலாம்.

தெற்குக்காற்று:
பின்னால் வந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் கிட் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போய் எச்ஐவி தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.