கலியாணவீட்டுப் படங்களைத் தெரிவு செய்வது யார்?

பண்ணைக்காற்று:
எனக்குத் தெரிந்த ஒரு ஸ்ரூடியோவில் கலியாணவீட்டுப் படங்களை இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்தான் கழிக்கிறது. மங்கல் படம், கண் மூடிய படம் எல்லாம் தானாகவே ஒதுங்கிவிடும். கழித்த படங்களை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாலி கட்டும்போது பெண்ணின் தாய் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நிற்கிறார், மூக்குத்தி வரைக்கும் கண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்தப் படம் குப்பைக்குள் கிடக்கிறது! அல்பத்துக்குப் போனது, பிறகு அவர் கமராவைப் பார்த்துச் சிரித்த படம்.

நெல்லியடி லென்ஸ்:
அண்ணை, புதிதாக எது வந்தாலும் இந்தக் கதை வரும். 1977இல் கொனிகா தானாகவே ஃபோகஸ் செய்யும் கமராவை விட்டது, 1985இல் அதே வசதியோடு மினோல்டா 7000 கமரா வந்தது. இன்றைக்கு அதை யார் குறை சொல்கிறார்கள்? நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் நின்று, கமராவைத் தலைக்கு மேலே தூக்கித்தான் பிடிக்கிறோம். கண் வைத்துப் பார்க்க வழியில்லை. கமரா முகத்தைத் தேடிப் பிடிப்பதால்தான் வடம் இழுக்கிறவரின் முகம் கிடைக்கிறது. எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்பது என் முடிவுதான்.

பண்ணைக்காற்று:
ஃபோகஸை நான் குறை சொல்லவில்லை, தம்பி. அதே தேரில் வெள்ளை வேட்டிக் கூட்டத்தைத் தானியங்கியில் பிடித்தால் என்ன ஆகும்? கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துத்தான் அளக்கும், வேட்டி அழுக்காகத் தெரியும். ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும், அதாவது ஒளியை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று பிடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோண்டாவில் வாணி:
எங்கள் தங்கச்சியின் சாமத்தியவீட்டுப் படங்களில் அவளுடைய நிறத்தையே மாற்றிவிட்டார்கள். கன்னத்து மச்சத்தையும் காணவில்லை. கேட்டால், “அது தானாகச் செய்தது” என்கிறார்கள். காசு வாங்கியது மென்பொருளா?

நெல்லியடி லென்ஸ்:
அது பிழைதான் அக்கா, ஆனால் மென்பொருளின் பிழை இல்லை. கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே நெகட்டிவில் பென்சிலால் முகம் திருத்தினார்கள். வெள்ளைத் தோல்தான் அழகு என்று அப்போதும் மனிதர்தான் நினைத்தார்கள்.

பண்ணைக்காற்று:
சரி, ஆனால் பென்சில் பிடித்தவர் அந்த மச்சத்தைப் பார்த்துத்தான் எடுத்தார். இங்கே ஒருவரும் பார்க்கவேயில்லை. தாலி கட்டும் நேரத்துப் படங்களையாவது பிடித்தவரே இருந்து பார்க்கட்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் போதாதா?

நெல்லியடி லென்ஸ்:
பார்க்கலாம். ஆனால் முகூர்த்த மாதத்தில் அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் யாராவது காசு தர வேண்டும். படம் எப்போது வரும் என்று அடுத்த நாளே கேட்கிற ஆட்கள், அதற்குத் தருவார்களா, அண்ணை?