விண்டோஸில் அனுமதித்த மென்பொருளை மட்டும் ஓடவிடும் ஆப் கன்ட்ரோல் பாலிசியை ஸ்கிரிப்ட் மூலம் மெஷின்களுக்குத் தள்ளியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

பில்கவுண்டர்:
இடம் ஒரு மருத்துவமனை. விண்டோஸ் 11 மெஷின்கள், பவர்ஷெல் ஸ்கிரிப்ட், சிஐபி ஃபைல் (பாலிசி இருக்கும் ஃபைல்), எல்லாம் வழக்கம்போல. எதையும் தடுக்காமல் லாகில் மட்டும் பதியும் ஆடிட்டில் ஓடவிட்டு, தடுக்கப்பட்டிருக்கும் என்று காட்டும் 3076 எண் பதிவுகளைத் திரட்டி, விதிகளைச் சேர்த்த பிறகுதான், நிஜமாகவே தடுக்கும் என்ஃபோர்ஸுக்குப் போனோம். மாதக் கடைசியில் மருந்தகத்தில் கணக்கு முடிக்கும் எக்ஸி (நிரல் ஃபைல்) திறக்கவில்லை. லாகில் 3077, அதாவது தடுக்கப்பட்டது என்ற பதிவு. மாதம் ஒருமுறை மட்டும் ஓடுகிற எக்ஸி அது, ஆடிட் நாட்களில் ஓடவே இல்லை. கணக்கு முடியாமல் புது பில்லும் போட முடியாது. கவுண்டர் அக்கா கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டே, "போன மாசம் ஓடிச்சே தம்பி?" என்று கேட்டார். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

ராத்திரிஷிப்ட்:
எனக்கு வேறு மாதிரி. முன்பு இருந்தவர் எழுதிய ஸ்கிரிப்ட், பாலிசியை ஏற்றும் விண்டோஸ் கருவியான சிஐடூலை நேரடியாகக் கூப்பிடும். அது பாலிசியை ஏற்றிவிட்டு, என்டர் தட்டச் சொல்லிக் காத்திருக்கும். திரை முன் யாரும் இல்லாமல் விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்கில் ஓடும்போது யார் வந்து தட்டுவது? விடியும்வரை எல்லா மெஷினும் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்றே காட்டின. ஆனால் லாகில் 3099 பதிவாகியிருந்தது, அதாவது பாலிசி ஏறிவிட்டது! என்டருக்குக் காத்திருக்காமல் இருக்க சிஐடூல் கட்டளையில் ஜேசன் சுவிட்ச் சேர்த்ததும் சரியானது.

கோட்டைவாசல்:
பில்கவுண்டர் ஆடிட்டை மட்டும் நம்பியதை நான் ஏற்கவில்லை. ஓடாதது ஆடிட் லாகில் எப்படி வரும்? மென்பொருள் ஃபோல்டரை முழுதாக ஸ்கேன் செய்து முதன்மைப் பாலிசியோடு சேரும் துணைப் பாலிசியாகப் போட வேண்டும். ஃபைலில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் அதை வைத்து அனுமதிக்கும் பப்ளிஷர் விதி, இல்லாவிட்டால் ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷ். ஹேஷ் என்றால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாறும், அதையும் கவனியுங்கள்.
அப்புறம், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்ஃபோர்ஸ் ஆனதும் பாலிசி அனுமதிக்காத பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டுகள், வசதிகளைக் குறைக்கும் கன்ஸ்ட்ரெயின்டு லாங்குவேஜ் மோடில்தான் ஓடும். அந்த மோடில் தடைபடும் ஆட்-டைப் கட்டளையை வைத்து எழுதிய, பாலிசியைத் தள்ளும் உங்கள் ஸ்கிரிப்ட் அடுத்த முறை தானே மாட்டிக்கொள்ளும். அதற்குக் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழைப் பாலிசியில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பாலிசிக்கே கையொப்பமிட்டிருந்தால், ஃபைலை வெறுமனே அழித்து நீக்கப் பார்க்காதீர்கள். மெஷின் பூட் ஆகாமல் போகலாம். கையொப்பமில்லாத பாலிசியை அனுமதிக்கும் 6ஆம் ஆப்ஷனோடு புதுப் பதிப்பைக் கையொப்பமிட்டு ஏற்றி, ரீஸ்டார்ட் செய்த பிறகே அழியுங்கள்.

பில்கவுண்டர்:
ஸ்கேன் செய்தோம் சார். அந்த எக்ஸி ஃபோல்டரில் கிடையாது. கணக்கு முடிக்கும்போது மட்டும் சர்வரிலிருந்து டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் இறங்கி ஓடும், முடிந்ததும் அழிந்துவிடும். கையொப்பமும் இல்லை. கையொப்பமிட்டுத் தரச் சொல்லி மென்பொருள்காரர்களிடம் கேட்டிருக்கிறோம். அதுவரை ஒவ்வொரு பதிப்புக்கும் ஹேஷ் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.