செப்புக் குழாய் இணைப்பு: பற்றாசு வைப்பதா, கொம்பிரஷன் பிற்றிங் பூட்டுவதா?

கேள்வி (பரந்தன்)

வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையில் உள்ள சூரிய நீர்ச்சூடாக்கியிலிருந்து குளியலறைக்கு 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் வருகிறது. வெளிச்சுவரில் உள்ள முழங்கை இணைப்பு மூன்று வாரங்களாகச் சொட்டுகிறது. அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் படிந்துள்ளது. பூட்டியவரை மீண்டும் அழைத்தும் வரவில்லை. இதை மாற்றுவதோடு, சுவர்ப் பூச்சுக்குள் மறையும் புதிய இணைப்பொன்றையும் நானே செய்ய விரும்புகிறேன். பி.வி.சி. குழாய்க்குப் பசை பூசி ஒட்டிய பழக்கம் மட்டுமே உண்டு. பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) வைப்பதா, கொம்பிரஷன் பிற்றிங் (நட்டை இறுக்கிப் பூட்டும் இணைப்பி) பூட்டுவதா, எந்த முறை பொருத்தமானது?

மறுமொழி (வவுனியா)

தம்பி, நான் குழாய் வேலை செய்பவன். பிற்காலத்தில் அந்த இணைப்பைக் கண்ணால் பார்க்கவும் ஸ்பானரால் எட்டவும் முடியுமா என்பதை வைத்தே நான் முறையைத் தெரிவு செய்வேன். வெளிச்சுவருக்குக் கொம்பிரஷன் பிற்றிங் போதும். வெட்டிய முனையின் பிசிறை அகற்றி, நட்டையும் பித்தளை வளையத்தையும் மாட்டி, குழாயை அடிவரை செலுத்தி, கையால் இறுகும் வரை திருகிய பின்னர், ஒரு ஸ்பானரால் பிற்றிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றதால் ஏறத்தாழ ஒரு சுற்று இறுக்குங்கள். ஒழுகுமோ என்ற பயத்தில் அதற்குமேல் முறுக்கினால் வளையம் நசுங்கி, அதனாலேயே ஒழுகும். உங்கள் தாங்கி பைப்பிலிருந்து ஐந்து மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் அரை பார் அளவுதான். பிற்றிங் அதை எளிதாகத் தாங்கும்.

பூச்சுக்குள் மறைவதைப் பற்றாசு வைத்தே இணைக்க வேண்டும். குழாயின் வெளிப்புறத்தையும் பிற்றிங்கின் உட்புறத்தையும் செம்பு பளபளக்கும்வரை அரத்தாளால் தேய்த்து, பிளக்ஸ் (பற்றாசு நன்கு பிடிக்க உதவும் பசை) பூசி, பிற்றிங்கையே சூடாக்குங்கள். சூடு சரியாக இருந்தால் பற்றாசு தானாகவே இடைவெளிக்குள் உறிஞ்சப்படும். ஈயம் கலக்காத பற்றாசையே கேட்டு வாங்குங்கள். வானொலி திருத்துவோர் பயன்படுத்தும் ஈயம் கலந்த பற்றாசைக் குடிநீர் போகும் குழாயில் ஒருபோதும் வைக்காதீர்கள். கூரை மரத்துக்கு அருகில் தீச்சுவாலை பிடிப்பதாயின் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

மறுமொழி (புதுக்குடியிருப்பு)

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழாய்க்குள் சிறிதளவு தண்ணீர் நின்றாலும் பற்றாசு பிடிக்காது. ஈயமில்லாத பற்றாசு உருக 220 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரோ 100 பாகையில் கொதித்து ஆவியாகி, அந்தச் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு வால்வு முழுதாக மூடாமல் கசிந்துகொண்டே இருந்தபோது, பாணின் வெள்ளைப் பகுதியை மட்டும் கிள்ளிக் குழாய்க்குள் அடைத்துவிட்டுப் பற்றவைத்தேன். பின்னர் பைப்பைத் திறந்ததும் பாண் கரைந்து வெளியேறியது. கருகிய ஓரத்தை அடைக்காதீர்கள். அது கரையாமல் பைப்பின் வாயில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வெளிச்சுவரில் கொம்பிரஷன் பிற்றிங் பூட்டிவிட்டேன். இரவு முழுவதும் அதன் கீழ் விரித்து வைத்த கடதாசி காலையில் காய்ந்தே இருந்தது. வெட்டியெடுத்த பழைய முழங்கையைப் பிளந்து பார்த்தபோது, பற்றாசு ஒரு பக்கத்தில் மட்டும் படிந்து, மறுபக்கத்தில் செம்பு தேய்க்கப்படாமல் கருத்துக் கிடந்தது. பூச்சுக்குள் மறையும் இணைப்பைத் தொடங்கும் முன், மிஞ்சிய குழாய்த் துண்டுகளில் இரண்டு மூன்று தடவை பற்றவைத்துப் பழகப் போகிறேன்.