மூணு மாசத்துல அஞ்சு பல்ப் போச்சுங்க: பேட்டரி இல்லாத பழைய மொபெட்

கோபிக்காரன்:
பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டுங்க. பேட்டரி கிடையாது, லைட்டு, ஹாரன் எல்லாமே எஞ்சின்ல சுத்தற மேக்னட்ல வர்ற கரண்ட்தான். 12 வோல்ட். முன்னால 35/35 வாட், பின்னால 21/5 வாட் (பிரேக் லைட்டு 21, பின்லைட் 5). மூணு மாசத்துல ஹெட்லைட் பல்ப் மூணு, பின்லைட் பல்ப் ரெண்டு போயிருச்சு. வண்டி நின்னு ஓடும்போது ஒண்ணும் ஆகறதில்லை. கொஞ்சம் முறுக்கிப் போனா வெளிச்சம் பளீர்னு ஏறி, குப்புனு அணைஞ்சுருது. பிரேக் புடிச்சா ஹெட்லைட் மங்குது, ஹாரன் அடிச்சாலும் அப்படித்தான். கடையில லைட்டுக்குக் கரண்ட் தர்ற காயில் மாத்தோணும்ங்கறாங்க. ஃபிரேமுக்குப் பெயின்ட் அடிச்சதைத் தவிர வேற வேலை எதும் பண்ணலீங்க. விடியக்காலம் நாலரைக்கு பால் கேன் கட்டிட்டு தடப்பள்ளி வாய்க்கா ரோட்டுல போகோணும். எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கறது?

பொள்ளாச்சி மெக்கானிக்:
காயிலைத் தொடாதீங்க. காயில் கெட்டா வெளிச்சம் குறையும், இல்லைன்னா வராது. பளீர்னு ஏறுதுன்னா காயில் நல்லாவே வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதைக் கட்டுப்படுத்தற ஆள்தான் வேலைக்கு வரலை. அந்த ஆள் ரெகுலேட்டர்.

மேக்னட் எவ்வளவு வேகமாச் சுத்துதோ அவ்வளவு வோல்ட் ஏறும். ரெகுலேட்டர் இல்லாம முறுக்கினா 12 வோல்ட் பல்புக்கு 20, 30ன்னு போயிரும். 14 வோல்ட் பக்கம் வந்ததும், மிச்சத்தைத் தன் வழியா பாடிக்கு எர்த் பண்ணி விடறதுதான் ரெகுலேட்டரோட ஒரே வேலை. பல்ப் எவ்வளவு மென்மையான சாமான்னா, வோல்ட் 5 சதவீதம் கூடினாலே அதோட ஆயுள் ஏறக்குறைய பாதியாயிரும்.

போன பல்பை வீசாம எடுத்துப் பாருங்க. கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி பூசின மாதிரியோ கருப்பாவோ படிஞ்சிருந்தா வோல்ட் ஏறிப் போனது. கண்ணாடி தெளிவா இருந்து இழை மட்டும் அறுந்திருந்தா குலுங்கினதால போனது. உள்ளே பால் மாதிரி வெள்ளைப் பொடி இருந்தா காத்து புகுந்த பல்ப், அதுக்கு வண்டி பொறுப்பில்லை.

பின்லைட் பல்ப் ரெண்டும் பாவம், அதுக மேல தப்பில்லை. ஹெட்லைட் அணைஞ்ச அந்த நொடியே 35 வாட் சுமை காணாமப் போகுது. இருக்கற வோல்ட் அத்தனையும் 5 வாட் பல்ப் தலையில இறங்குது. ஹெட்லைட் போயிருச்சுன்னு தெரிஞ்சா, வீடு வர்ற வரைக்கும் மெதுவா ஓட்டுனாத்தான் பின்லைட் தப்பிக்கும்.

இப்ப சோதனைக்கு வருவோம். ஒரு இழை போயி இன்னொரு இழை எரியற பழைய பல்ப் ஒண்ணை முன்னால மாட்டி, எரியற பக்கம் சுவிட்சைத் திருப்புங்க. மீட்டரை ஏசி 200 வோல்ட்ல வைங்க. மேக்னட்ல வர்றது ஏசி-ங்கறதால டிசி-யில வெச்சா ஒண்ணும் காட்டாது, நிறைய பேர் அதைப் பார்த்துட்டுத்தான் காயில் போச்சும்பாங்க. ஒரு முனை ஹெட்லைட் ஒயர்ல, இன்னொண்ணு எஞ்சின் போல்ட்ல. ஸ்டார்ட் பண்ணி மெதுவா முறுக்குங்க. 15 தாண்டினா உடனே விட்டுருங்க. அப்புறம் ரெகுலேட்டர் பாடியிலிருந்து எஞ்சின் போல்ட்டுக்கு ஒரு தனி ஒயர் இழுத்து, மறுபடியும் அளந்து பாருங்க. பெயின்ட் அடிச்ச வண்டின்னு சொன்னதாலதான் இதைச் சொல்றேன்.

ஈரோட்டுத் தம்பி:
எதுக்குங்ணா இத்தனை பாடு? எல்இடி பல்ப் வாங்கி மாட்டிட்டா தீந்துச்சு.

உக்கடம் வயரிங்:
தம்பி, இந்த வண்டியில அது தீராது. இது ஏசி லைன். டிசி-க்குச் செஞ்ச எல்இடி-யை இதுல மாட்டினா கொசு அடிக்கற மாதிரி நடுங்கும், இல்லைன்னா உள்ளே இருக்கற டிரைவர் சர்க்யூட் சீக்கிரம் போயிரும். ரெகுலேட்டர் வேலை செய்யாத வண்டியில மாட்டினா இன்னும் மோசம். 35 வாட் இழுத்த இடத்துல 8 வாட் இழுத்தா வோல்ட் இன்னும் மேல போகும், பின்லைட் அதே ராத்திரி போயிரும். ரெகுலேட்டர் நல்லா இருந்தாலும் மிச்ச கரண்டை அதுதான் விழுங்கோணும், கூடுதலாச் சூடாகும். மாட்டியே ஆகோணும்னா ஏசி-யை டிசி ஆக்கற ரெக்டிஃபயர் ரெகுலேட்டர் போட்டு, வயரிங்கும் மாத்தோணும். அது தனிக் கதை.

காருக்கு இருக்கற 60/55 வாட் பல்பும் வேண்டாம். காயில் தர்ற வாட் அவ்வளவுதான், பெரிய பல்ப் மாட்டினா மெழுகுவர்த்தி மாதிரி எரியும்.

கோபிக்காரன்:
அளந்துட்டனுங்க. பல்ப் மூணுமே உள்ளே வெள்ளிப் பூச்சு. ஐடிலிங்ல 8.5 வந்துச்சு. பாதி முறுக்கறதுக்குள்ள 17 தாண்டிருச்சு, விட்டுட்டேன். தனி ஒயர் இழுத்துப் பார்த்தா 13.8க்கு மேல ஏறவே இல்லை! அப்ப ரெகுலேட்டர் நல்லாத்தான் இருக்குதுங்களா?

பொள்ளாச்சி மெக்கானிக்:
ரெகுலேட்டருக்கு ஒண்ணும் இல்லை. பெயின்ட்டுக்கு மேலேயே அதைப் பூட்டியிருக்காங்க. பாடிதான் அதுக்கு எர்த், நடுவுல பெயின்ட் இருந்தா மிச்சக் கரண்ட் போக வழியில்லை.

கழட்டி, அது உக்கார்ற இடத்தை எமரி தாள்ல வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் தேச்சுருங்க. ரெகுலேட்டர் அடிப்பக்கத்தையும் தேயுங்க. பல்லு வெச்ச ஸ்டார் வாஷர் போட்டு முறுக்குங்க, பெயின்ட்டைக் குத்திப் புடிக்கும். அதோட விட்டுராம 1.5 சதுர மில்லி ஒயர்ல ரெண்டு பக்கமும் ரிங் லக்ங்கற வளைய முனை அடிச்சு, ரெகுலேட்டர் போல்ட்டிலிருந்து எஞ்சின் போல்ட்டுக்கு நிரந்தரமாவே ஒரு இணைப்புக் கொடுத்துருங்க. பூட்டின பிறகு மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. பூட்டறதுக்கு முன்னால தடவக்கூடாது.

பிரேக் புடிச்சா மங்குதுன்னீங்களே, அதுவும் இதே நோய்தான். ரெகுலேட்டர் இல்லாத லைன்ல 21 வாட் கூடச் சேர்ந்தா வோல்ட் இறங்கறது கண்ணுக்கே தெரியும். இனி ஓடும்போது அவ்வளவு தெரியாது. நின்னு ஐடிலிங்ல மங்கறது இந்த வண்டிகளோட பிறவிக் குணம்.

உக்கடம் வயரிங்:
ரெண்டு இடம் பாக்கி இருக்குதுங்க. ஒண்ணு ஹெட்லைட் எர்த். ஃபிரேமுக்குப் பெயின்ட் அடிச்சிருந்தா அங்கயும் இதே கதை இருக்கலாம். ஹேண்டில்பார் எர்த் ஸ்டியரிங் குண்டு வழியாப் போனா கிரீஸ்ல மாட்டிக்கும். லைட் எரியும்போது பல்ப் எர்த்துக்கும் எஞ்சினுக்கும் நடுவுல அளந்து பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா தனி எர்த் ஒயர் இழுத்துருங்க.

இன்னொண்ணு டிம் டிப் சுவிட்ச். மேல் லைட்டிலிருந்து கீழ் லைட்டுக்கு மாத்தும்போது நடுவுல ஒரு நொடி ரெண்டுமே அணையுதான்னு இருட்டுல மெதுவாத் தள்ளிப் பாருங்க. அணைஞ்சா அந்த ஒரு நொடி வோல்ட் பூரா பின்லைட் மேல போகுது. போர் தண்ணியில வண்டி கழுவற ஊர்ல சுவிட்ச் உள்ளே பச்சை புடிச்சிருக்கும். கழட்டி, பித்தளைத் தகட்டைத் தேச்சு, தகடு வளைஞ்சிருந்தா நிமித்துங்க. தேஞ்சு போயிருந்தா புதுசு மாட்டிருங்க.

கோபிக்காரன்:
சுவிட்ச் உள்ளே பச்சையாத்தான் இருக்குதுங்ணா, நடுவுல அணையவும் செய்யுது. நாளைக்குப் புதுசு மாட்டிர்றேன். பின்னாடி எப்பவாச்சும் காயில் நெசமாவே போனா எப்படிக் கண்டுபுடிக்கறது?

பொள்ளாச்சி மெக்கானிக்:
எஞ்சினிலிருந்து வர்ற லைட்டிங் ஒயரைக் கப்ளர்ல கழட்டி, அதுக்கும் பாடிக்கும் ஓம்ஸ் பாருங்க. காயிலோட ஒரு முனை பாடியில எர்த் ஆன வண்டிக்குத்தான் இந்தச் சோதனை. நல்ல காயில் ஒரு ஓமுக்குள்ளதான் காட்டும். அதனால முதல்ல மீட்டர் முனை ரெண்டையும் ஒண்ணா வெச்சு, வர்ற அளவைக் கழிச்சுக்கோங்க. எண்ணே வரலைன்னா காயிலோ ஒயரோ அறுந்திருக்குது. பெரும்பாலும் ஒயர் எஞ்சினை விட்டு வெளிய வர்ற ரப்பர்கிட்டத்தான், ஆயில் பட்டு உப்பி அறுந்திருக்கும். சால்டரிங் போட்டாப் போதும். காயிலே கருகியிருந்தா மோட்டார் வைண்டிங் கடையில அதே கேஜ் கம்பியில அதே சுத்துச் சுத்தச் சொல்லலாம். சுத்துக் கூடினா வோல்ட் ஏறி மறுபடியும் பல்ப் பிரச்சினை வரும். மேக்னட்டைக் கழட்ட அந்த வண்டிக்குன்னு இருக்கற புல்லர்ங்கற கருவிதான் வேணும். சுத்தியல்ல அடிச்சா காந்தமும் வெடிக்கும், கிராங்கும் வளையும்.