அம்மன் கூழில் ஒரு துண்டு மரவள்ளி

முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைத்த கதை தோட்டத்தில் பிறந்த எல்லாரிடமும் இருக்கும். நான் கூழைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில். இப்போது அங்கே தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, பால்மரமும் இல்லை, எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் டவுன் ஓரத்துக்கு வந்துவிட்டது. போன ஆடிக்குப் போயிருந்தேன். அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வயதான அம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெந்த மரவள்ளிக்கிழங்குத் துண்டை எடுத்து, மசித்து, அதில் போட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் பாட்டியும் அப்படித்தான் செய்வார்.

அது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்துப் பழக்கம். 1942 முதல் 1945 வரை அரிசிக்கே பஞ்சம், கேழ்வரகுக்கு எங்கே போவது? லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான் மூன்று வேளையும். தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போன வருஷம், பாட்டி கிழங்கைக் காயவைத்து இடித்து, அந்த மாவில் கூழ் காய்ச்சி அம்மனுக்கு ஊற்றினாராம். “இது கூழா?” என்று கேட்டவர்களுக்கு, மாரியம்மனாகக் கும்பிடுகிற ரேணுகாவின் கதையைச் சொன்னாராம்.

ஜமதக்னி முனிவர் கொலையுண்டதும் ரேணுகா தீயில் இறங்குகிறாள். மழை பெய்து தீ அணைந்துவிடுகிறது. உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு ஏழைகளின் குடிசைக்குப் போய்ப் பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுக்கிறார்கள். ஆடிக்கூழுக்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். “இருக்கிறத குடுத்தாங்க, அவ குடிச்சா. நம்மகிட்ட இருக்கிறது கிழங்கு” என்பாராம் பாட்டி.

தாத்தா திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து கேழ்வரகு கிடைக்க ஆரம்பித்த பிறகும் பாட்டி அந்த ஒரு துண்டை விடவில்லை. சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். “அவளுக்குப் பழகிப்போச்சுய்யா” என்றார்.

அன்றைக்குக் கூழோடு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. நான் அந்த அம்மாவிடம் போய் எந்தத் தோட்டம் என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமாம், என் பாட்டியைத் தெரியாதாம். “எங்கப்பாவையும் சயாமுக்குக் கொண்டுபோனாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, என் சொம்பை வாங்கி நிறைய ஊற்றினார்.